ஸ்கேனில் ஒன்றுமில்லை என்றால் கழுத்தில் அறுவை எதற்கு?

"ஸ்கேனில் ஒன்றும் இல்லை என்றுதானே எழுதியிருக்கிறார்கள். பிறகு எதற்காகக் கழுத்தையும் வெட்ட வேண்டும்?"

வாய்ப் புற்றுநோய்க்காகப் பேராதனைக்கோ கண்டிக்கோ மகரகமவுக்கோ அனுப்பப்பட்டவர்களின் வீடுகளில் இந்தக் கேள்வி எழாமல் இருப்பதில்லை. தோட்டங்களுக்குச் சென்று வரும் எமக்கு இது பழகிப்போன கேள்வி. கேள்வி நியாயமானதும் கூட. புண் இருப்பது கன்னத்தில் அல்லது நாக்கில். கழுத்தைத் தடவிப் பார்த்தால் எதுவும் கையில் தட்டுப்படவில்லை. படமும் எடுத்துப் பார்த்தாயிற்று. அதன் பிறகும் காதின் கீழிருந்து தொண்டை வரை வெட்ட வேண்டும் என்று வைத்தியர் சொன்னால் எவருக்கும் தயக்கம் வரும். பத்திரத்தில் கையொப்பம் இடாமல், "யோசித்துவிட்டு வருகிறோம்" என்று கூறி லயத்துக்குத் திரும்பிவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

இதற்கு நேர்மாறான பயமும் உண்டு. "கழுத்தில் நெறி தெரிகிறதாம், இனி என்ன இருக்கிறது" என்று மனம் விட்டுவிடுவது. அச்சமும் நம்பிக்கையும் ஒரே படத்தைச் சுற்றியே எழுவதால், அந்தப் படம் எதைக் காட்டும், எதைக் காட்டாது என்பதை இங்கே சற்று விரிவாக எழுத விரும்புகிறோம்.

வாய்ப் புண் கழுத்துக்கு இறங்கும் வழி

இலங்கையில் ஆண்களைத் தாக்கும் புற்றுநோய்களுள் முதலிடத்தில் இருப்பது வாய்ப் புற்றுநோய். மேல்நாடுகள் பலவற்றில் இது அவ்வளவு காணப்படுவதில்லை. காரணம் எமது மடியிலேயே இருக்கிறது: வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை. புகையிலையை மட்டும் குறை கூறுவது நம்மவர் வழக்கம். ஆனால் உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 2003ஆம் ஆண்டில் ஆராய்ந்து, புகையிலை சேராத பாக்கும் மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது என்று முடிவு செய்தது. மலையில் குளிருக்கும் பசிக்கும் ஒன்றாக வெற்றிலையை மென்று, அதைக் கன்னத்தின் ஓரத்தில் அடக்கி வைத்தபடியே கொழுந்து பறிக்கும் வழக்கம் இன்னும் மறையவில்லை. மற்ற இடங்களில் இது ஆண்களின் நோய் என்று கூறினாலும், பெண்களும் சமமாக வெற்றிலை போடும் தோட்டங்களில் அப்படிக் கூறிவிட்டுப் போக முடியாது. மத்திய மலைநாட்டுத் தோட்டத் தொழிலாளரிடையே வாய்ப் புற்றுநோயும் அதற்கு முந்திய நிலைகளும் எவ்வளவு காணப்படுகின்றன என்று பேராதனைப் பல்கலைக்கழகப் பல் வைத்திய ஆய்வாளர்கள் தனியாகவே ஓர் ஆய்வு நடத்தி 2007ஆம் ஆண்டில் வெளியிட்டார்கள். பிரச்சினை அந்த அளவுக்கு எமது வாசலில் நிற்கிறது.

வாயில் தோன்றிய புற்றுநோய் கழுத்துக்கு எப்படிப் போகிறது? கான் வெட்டியவர்களுக்கு இதை விளக்குவது கடினமன்று. மலைச்சரிவில் பெய்யும் மழை கான் வழியே இறங்குகிறது. வழியில் ஆங்காங்கே குழி வெட்டியிருப்போம். தண்ணீர் கடந்து போகும், அடித்து வரும் மண் குழியில் தங்கும். நம் உடலிலும் இரத்தக் குழாய்களைத் தவிர இன்னொரு குழாய்த் தொகுதி உண்டு. தசைகளுக்கிடையில் ஊறும் நிணநீர் என்னும் தெளிந்த நீரை அது திரட்டிக்கொண்டு போகிறது. அதன் வழியில் அவரை விதை போன்ற சிறு முடிச்சுகள் இருக்கின்றன. இவையே நிணநீர்க் கணுக்கள். காலில் புண் வந்தால் தொடை இடுக்கில் "நெறி கட்டுகிறது" என்று கூறுவோமே, அந்த நெறி வீங்கிய நிணநீர்க் கணுதான். கிருமியானாலும் புற்றுநோய்க் கலமானாலும் முதலில் சிக்குவது இந்தக் குழியில்தான்.

உடலில் உள்ள கணுக்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கழுத்திலேயே இருக்கிறது. கன்னம், ஈறு, வாயின் அடித்தளம் ஆகியவற்றிலிருந்து வரும் நிணநீர் முதலில் தாடையின் கீழுள்ள கணுக்களுக்கு இறங்கும். நாக்கிலிருந்து வருவது பெரும்பாலும் மேல் கழுத்துக்கும் நடுக் கழுத்துக்கும் போகும். நாக்கின் நடுக்கோட்டை நெருங்கிய புண்ணாக இருந்தால் இரு பக்கமும் போகலாம். எந்தக் கானின் நீர் எந்தக் குழியில் விழும் என்பது கங்காணிக்குத் தெரிவது போல, எந்த இடத்துப் புண் எந்தக் கணுவுக்கு இறங்கும் என்பது சத்திரசிகிச்சை வைத்தியருக்குத் தெரியும். ஸ்கேன் பார்ப்பவரும் அந்த வரைபடத்தை மனதில் வைத்துக்கொண்டே பார்க்கிறார்.

இதற்கு இவ்வளவு முக்கியத்துவம் ஏன் என்றால், கழுத்துக் கணுவுக்கு நோய் போய்விட்டால் ஐந்து ஆண்டுகள் உயிர் வாழும் வாய்ப்பு ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது. பாதியாகக் குறைவது என்பது இல்லாமற் போவது அன்று. அந்த நிலையிலும் அறுவைக்கும் கதிர்ச் சிகிச்சைக்கும் பின் நலமாக வாழ்பவர் பலர். ஆயினும் வாயில் எவ்வளவு வெட்டுவது, கழுத்தைத் தொடுவதா, பின்னர் கதிர்ச் சிகிச்சை தேவையா என்ற எல்லாத் தீர்மானங்களும் இந்த ஒரு விடயத்தைச் சுற்றியே அமைகின்றன.

விரல்கள் சொல்வது

1906ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கிளீவ்லண்ட் நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் கிரைல் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர், கழுத்தின் ஒரு பக்கத்துக் கணுக்கள் யாவற்றையும் ஒன்றாக அகற்றும் முறையை 132 அறுவைகளின் அனுபவத்தோடு எழுதி வெளியிட்டார். அன்று அவருக்கு உதவியது விரல்கள் மட்டுமே. கண்ணால் காண முடியாத காரணத்தால் எல்லாவற்றையும் எடுத்துவிடுவதே பாதுகாப்பு என்று எண்ணினார்கள். கழுத்துக்குள் பார்க்கும் கருவிகள் வரும் வரை அறுபது எழுபது ஆண்டுகள் இந்த நிலையே நீடித்தது.

இன்றும் முதற் பரிசோதனை விரல்தான். அதைத் தோட்ட டிஸ்பென்சரியிலேயே செய்யலாம், செலவும் இல்லை. ஆனால் தட்டுப்படும் நெறியெல்லாம் புற்றுநோய் அன்று. சொத்தைப் பல், தொண்டை அழற்சி, பிள்ளைகளுக்குத் தலையில் பேன் கடித்து உண்டான புண், இவை எல்லாவற்றுக்கும் கழுத்தில் நெறி கட்டும். அது பெரும்பாலும் வலிக்கும், இரண்டு வாரத்தில் வற்றிவிடும். பழைய காலத்தவர் கண்டமாலை என்று அழைத்த காசநோய்க் கணுவும் தோட்டங்களில் புதிதன்று. கவலைப்பட வேண்டியது வலி இல்லாத, கல் போன்ற, நாளுக்கு நாள் பெருக்கின்ற, அசைத்தால் அசையாத நெறி. மூன்று வாரம் தாண்டியும் அப்படியே இருந்தால் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். வலிக்கவில்லை என்பதே பலரை வீட்டில் இருத்திவிடுகிறது. எண்ணெய் தேய்த்து உருவுவதிலும் மஞ்சள் பற்றுப் போடுவதிலும் நெறி கரைவதில்லை, மாதங்கள்தான் கரைகின்றன.

இன்னொன்றையும் கூற வேண்டும். எங்காவது ஒரு சிறிய இடத்தில் அந்த நெறியை மட்டும் வெட்டி எடுத்துவிடச் சொல்லிக் கேட்பவர்கள் இருக்கிறார்கள். வாயையும் தொண்டையையும் பார்க்காமல் கழுத்துக் கட்டியை மட்டும் திறப்பது பின்னர் செய்யவேண்டிய முறையான அறுவையைச் சிக்கலாக்கும். முதலில் செய்ய வேண்டியது மெல்லிய ஊசிப் பரிசோதனை. அதைப் பற்றிக் கீழே கூறுகிறோம்.

விரலுக்கும் எல்லை உண்டு. தடித்த கழுத்தில் ஆழமாகக் கிடக்கும் கணுவையும், தொண்டையின் பின்புறம் முள்ளெலும்பை ஒட்டியிருக்கும் கணுவையும் எந்தக் கையாலும் தொட முடியாது. பாக்குப் போட்டுப் போட்டு கன்னம் இறுகி, வாயில் மூன்று விரல் நுழையாத நிலையில் இருப்பவர்களுக்கு வாய்ப் புண்ணின் பின் எல்லையைக் கூட வைத்தியரால் சரியாகப் பார்க்க இயலாது. இங்கேதான் கருவிகள் தேவைப்படுகின்றன.

கருவிகள்

கர்ப்பிணிகளுக்கு வயிற்றில் வைத்துப் பார்க்கும் அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை எல்லோரும் அறிவர். கழுத்துக்கும் அதுவே. தோலின் மேல் பசை தடவி, கையளவு கருவியை நகர்த்துகிறார்கள். காதுக்குக் கேட்காத ஒலி அலை உள்ளே சென்று திரும்பிப் படமாகிறது. கதிர் இல்லை, வலி இல்லை, செலவும் குறைவு. நலமான கணு அவரை விதை போல் நீண்டிருக்கும். விதையின் முளைப் பக்கம் போல அதன் நடுவில் ஒரு வெண்மையான கொழுப்புக் கோடு தெரியும். நோய் புகுந்த கணு உருண்டையாகும், அந்தக் கோடு அழிந்துவிடும். கைதேர்ந்த ஒருவர் பார்த்தால் இந்த எளிய கருவி பெரிய இயந்திரங்களோடு போட்டி போடும் என்பதே எமது கருத்து. கைதேராதவர் பார்த்தால் அவ்வளவு பயன் இல்லை.

அல்ட்ராசவுண்டின் பெரிய நன்மை, பார்த்துக்கொண்டிருக்கும்போதே சந்தேகமான கணுவினுள் ஊசியைச் செலுத்தலாம் என்பது. இரத்தம் எடுப்பதற்குப் பயன்படும் ஊசி அளவே அது, மயக்க மருந்து வேண்டியதில்லை. உறிஞ்சி எடுத்த கலங்களைக் கண்ணாடித் தட்டில் பூசி நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். புற்றுநோயா, காசநோயா, வெறும் அழற்சியா என்பதை நிழற்படத்தை விட உறுதியாகக் கூறுவது இதுதான். "ஊசி பட்டால் புற்றுநோய் கிளம்பிப் பரவும்" என்ற பேச்சு தோட்டத்தில் மட்டுமன்றி நகரத்திலும் உண்டு. இவ்வளவு மெல்லிய ஊசியால் அவ்வாறு நேர்வது மிக மிக அரிது. ஊசியைத் தவிர்ப்பதால் வரும் தாமதமே உண்மையான ஆபத்து.

சி.டி. ஸ்கேன் என்பது எக்ஸ்ரே கதிரைச் சுற்றிச் சுற்றிச் செலுத்தி, பாணைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்ப்பது போல உடலின் குறுக்குவெட்டுகளைக் காட்டும் முறை. 1971ஆம் ஆண்டில் இலண்டனில் முதல் நோயாளியின் தலையை இவ்வாறு படம் பிடித்தார்கள். இதற்காக ஹவுன்ஸ்ஃபீல்டுக்கும் கோர்மக்குக்கும் 1979இல் நோபல் பரிசு கிடைத்தது. வாய்ப் புற்றுநோய்க்கு எடுக்கும்போது மண்டையோட்டின் அடியிலிருந்து காறை எலும்பு வரை எடுப்பார்கள். கையில் ஊசி மூலம் ஒரு மருந்து ஏற்றப்படும். உடல் முழுவதும் ஒரு சூடு ஓடுவது போலிருக்கும், பயப்படத் தேவையில்லை. அந்த மருந்தினால் இரத்தக் குழாய்கள் வெண்மையாகத் தெரியும், கணுக்கள் அவற்றிலிருந்து பிரிந்து தெரியும். கணுவின் நடுப்பகுதி செத்துப்போய்க் கறுத்திருந்தால் அது வலுவான அறிகுறி. ஆனால் காசநோய்க் கணுவும் இதே போல் நடுவில் கறுத்துக் காணப்படும். எனவேதான் எமது நாட்டில் படத்தை மட்டும் நம்பாமல் ஊசியும் கேட்கிறார்கள். தாடை எலும்பு அரிக்கப்பட்டிருக்கிறதா, கணு தன் உறையைக் கிழித்துக்கொண்டு தசைக்கோ பெரிய இரத்தக் குழாய்க்கோ பரவியிருக்கிறதா என்பனவும் இதில் தெரியும். 2017ஆம் ஆண்டில் திருத்தப்பட்ட சர்வதேச நிலை வகுப்பில், கணுவின் உறை கிழிந்திருப்பது கழுத்து நோயின் நிலையை உயர்த்தும் ஒரு தனிக் காரணமாகச் சேர்க்கப்பட்டது. அந்த அளவுக்கு அது பாரதூரமானது.

எம்.ஆர்.ஐ. காந்தத்தால் இயங்குவது, கதிர் இல்லை. குறுகிய குழாய்க்குள் அரை மணித்தியாலத்துக்கு மேல் அசையாமல் படுக்க வேண்டும், சத்தமும் பலமாக இருக்கும். நாக்குப் போன்ற மென்தசையில் நோய் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்பதை இது நன்றாகக் காட்டும். கணுக்களைப் பொறுத்தவரை சி.டி.க்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. "எம்.ஆர்.ஐ. எடுக்கவில்லையே" என்று கடன் வாங்கித் தனியார் வைத்தியசாலைக்கு ஓட வேண்டியதில்லை. தேவையென்றால் வைத்தியரே எழுதுவார்.

பெட் ஸ்கேன் வேறு வகை. புற்றுநோய்க் கலம் சீனியை அதிகமாக உறிஞ்சும். எனவே கதிர் வீசும் ஒரு வகைச் சீனியை ஊசி மூலம் ஏற்றி, அது எங்கே குவிகிறது என்று பார்க்கிறார்கள். அந்த மருந்தின் வீரியம் ஏறக்குறைய 110 நிமிடங்களில் பாதியாகிவிடும். வைத்திருந்து மறுநாள் பயன்படுத்த முடியாது என்பதால், குறித்த நேரத்துக்குப் போகாவிட்டால் அந்த நோயாளிக்கென்று வந்த மருந்து வீணாகும். மகரகம வைத்தியசாலைக்கு இக்கருவியை வாங்குவதற்காக 2016ஆம் ஆண்டில் கதீஜா பவுண்டேஷன் முன்னின்று நாடெங்கும் பொதுமக்களிடம் நிதி திரட்டியதை வாசகர் பலர் நினைவில் வைத்திருப்பர். வாய்ப் புற்றுநோயின் தொடக்கத்தில் எல்லோருக்கும் இது தேவைப்படாது. கழுத்தில் கணு இருந்தும் மூலப் புண் எங்கே என்று தெரியாதபோதும், சிகிச்சைக்குப் பின்னர் மீதம் இருக்கிறதா என்று அறியவும் இது பெரிதும் உதவுகிறது. பிரித்தானியாவில் 564 நோயாளரிடம் நடத்தி 2016இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வு இதற்குச் சான்று. அவர்களில் பெரும்பாலானோர் தொண்டைப் புற்றுநோயாளர். கதிரும் மருந்தும் கொடுத்து பன்னிரண்டு வாரத்தின் பின் பெட் ஸ்கேன் எடுத்து, சந்தேகம் உள்ளவர்களுக்கு மட்டும் கழுத்தை அறுத்தார்கள். எல்லோருக்கும் அறுத்த குழுவில் 221 அறுவைகள் நடந்தன, ஸ்கேன் பார்த்த குழுவில் 54 மட்டுமே. உயிர் வாழ்ந்தோர் தொகையில் ஸ்கேன் குழு பின்தங்கவில்லை. ஆக, சில இடங்களில் ஸ்கேன் கத்தியைத் தவிர்க்கிறது. வாய்ப் புற்றுநோயின் ஆரம்பத்தில் மட்டும் ஏன் அப்படித் தவிர்க்க முடியவில்லை?

கடுகளவு

இதற்கான விடை அளவில் இருக்கிறது. கணுவின் குறுக்களவு 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் சந்தேகிப்பது ஸ்கேன் பார்ப்போரின் பொதுவான கணக்கு. தாடைக்கோணத்தின் கீழுள்ள கணு இயல்பாகவே சற்றுப் பெரிதாதலால் அதற்கு 11 மில்லிமீற்றர் வரை விடுவார்கள். இந்த அளவுகோலை 5 மில்லிமீற்றருக்கு இறக்கினால் என்ன? அப்போது சொத்தைப் பல்லுக்காக நெறி கட்டியவர்கள் எல்லோரும் புற்றுநோயாளராகத் தெரிவார்கள். ஏற்றி வைத்தால் உண்மையான நோய் தப்பிவிடும். எங்கே கோடு போட்டாலும் ஒரு பக்கம் நட்டம்தான்.

புற்றுநோய்க் கலங்கள் கணுவுக்குள் புகுந்த உடனே கணு வீங்கிவிடுவதில்லை. தொடக்கத்தில் அது 2 மில்லிமீற்றருக்கும் குறைவான ஒரு புள்ளி, ஒரு கடுகின் அளவு. மொச்சைக்கொட்டை அளவான கணுவுக்குள் ஒரு கடுகு ஒளிந்திருந்தால் வெளி உருவம் மாறாது. அல்ட்ராசவுண்டிலும் தெரியாது, சி.டி.யிலும் எம்.ஆர்.ஐ.யிலும் தெரியாது. மிளகை விடச் சிறியதென்றால் பெட் ஸ்கேனுக்கும் பெரும்பாலும் தப்பிவிடும். எனவே "ஒன்றும் இல்லை" என்ற அறிக்கையின் சரியான பொருள், "படத்தில் தெரியும் அளவுக்கு எதுவும் இல்லை" என்பதே. கழுத்தில் எதுவும் தட்டுப்படாத வாய்ப் புற்றுநோயாளரின் கணுக்களை எடுத்து நுணுக்குக்காட்டியில் பார்த்தால், நூற்றுக்கு 20 முதல் 30 பேரிடம் நோய் ஏற்கெனவே அங்கே இருப்பது தெரிய வருகிறது.

அப்படியானால் மீதி எழுபது எண்பது பேருக்குத் தேவையில்லாமல் வெட்டுகிறார்களா? பல ஆண்டுகளாக வைத்திய உலகமும் இதையே கேட்டுக்கொண்டிருந்தது. கழுத்தை விட்டுவைத்து, அடிக்கடி பார்த்து, நெறி தோன்றினால் அப்போது அறுக்கலாமே என்று ஒரு சாரார் வாதிட்டார்கள். இதற்குத் தெளிவான பதில் மும்பை டாட்டா நினைவு வைத்தியசாலையிலிருந்து கிடைத்தது. எம்மைப் போலவே புகையிலையும் பாக்கும் மெல்லும் மக்கள் நிறைந்த நாடு அது. டொக்டர் அனில் டி குரூஸ் தலைமையில் 2004 முதல், வாய்ப் புற்றுநோய் ஆரம்ப நிலையிலும் கழுத்தில் எதுவும் தட்டுப்படாமலும் இருந்த நோயாளரை இரு குழுவாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு வாய் அறுவையோடு கழுத்துக் கணுக்களும் அகற்றப்பட்டன. மறு குழுவை விடாமல் கண்காணித்து, கணு தோன்றிய பின் அறுத்தார்கள். முதல் 500 பேரின் முடிவு 2015இல் வெளியாயிற்று. மூன்று ஆண்டுகளின் பின் முதற் குழுவில் நூற்றுக்கு 80 பேர் உயிரோடிருந்தனர், காத்திருந்த குழுவில் 67.5 பேர். நோய் திரும்பாமல் இருந்தவர்கள் முறையே 69.5, 45.9.

இந்த எண்களில் ஒரு விடயம் எம் மக்களுக்கு இன்னும் முக்கியம். அங்கே காத்திருந்தவர்கள் ஆய்வில் சேர்ந்தவர்கள். அவர்களை ஒழுங்காக அழைத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு பேர் போய்விடும் என்ற நிலையில், ஹட்டனுக்கு அப்பாலுள்ள ஒரு டிவிஷனிலிருந்து மாதாமாதம் கிளினிக்குக்கு வருவது எத்தனை பேரால் முடியும்? இலங்கைக் கிராமங்களில் ஆரம்ப சுகாதார ஊழியர்களைக் கொண்டு ஓர் ஆண்டில் 28,295 பேரின் வாயைப் பரிசோதித்த ஆய்வொன்று 1984இல் வெளியாகியது. வாயில் மாற்றம் கண்டு மேற்பரிசோதனைக்கு அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேர்தான் போனார்கள். இதை மனதில் வைத்தே பல வைத்தியர்கள், திரும்பி வருவது நிச்சயமில்லாத ஒருவரின் கழுத்தை விட்டுவைக்கத் தயங்குகிறார்கள். அந்தத் தயக்கம் சரியென்றே நாமும் எண்ணுகிறோம்.

எல்லோருக்கும் அறுவை என்பதும் இல்லை. புண் மிக மேலோட்டமாக, 3 மில்லிமீற்றருக்குக் குறைந்த ஆழத்தில் இருந்தால் கழுத்தை விட்டுவைத்து அல்ட்ராசவுண்டால் கண்காணிக்கலாம். முதலில் நீர் இறங்கும் ஒன்றிரண்டு "காவல்" கணுக்களை மட்டும் அடையாளம் கண்டு எடுத்துச் சோதிக்கும் முறை, பிரான்சிலும் ஜப்பானிலும் 2020, 2021ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகளில் நல்ல பயன் தந்திருக்கிறது. அதற்குத் தனி வசதிகள் வேண்டும்.

கூடை தூக்க முடியுமா?

கொழுந்து பறிக்கும் பெண்கள் அடுத்ததாகக் கேட்பது இதுதான். கிரைல் காலத்து அறுவையில் தோளை உயர்த்தும் தசைக்குப் போகும் நரம்பையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். கை தலைக்கு மேல் எழாது. இன்று ஆரம்ப நிலையில் தாடையின் கீழும் மேல், நடுக் கழுத்திலும் உள்ள கணுக்களை மட்டும் எடுத்து அந்த நரம்பைக் காப்பாற்றுகிறார்கள். அப்படியிருந்தும் அறுவையின்போது நரம்பு இழுபடுவதால் சில மாதங்கள் தோள் கனக்கும், கை ஓரளவே எழும். காது மடலும் தாடை ஓரமும் மரத்திருக்கும். சிலருக்குக் கீழுதடு ஒரு பக்கம் கொஞ்ச காலம் சாய்ந்திருக்கும். சுவரை நோக்கி நின்று விரல்களால் படிப்படியாக மேலே ஏறும் பயிற்சியை வைத்தியசாலையில் கற்றுக்கொடுப்பார்கள். அதை வீட்டில் நாள் தவறாமல் செய்தவர்களுக்கும் செய்யாதவர்களுக்கும் உள்ள வேறுபாடு கண்கூடு. கூடைக் கயிறு தலையில் இழுக்கும் பாரம் முழுவதும் கழுத்துத் தசையில் விழுவதால், எப்போது கூடை கட்டலாம் என்பதை வைத்தியரிடம் கேட்டு, அதுவரை இலகுவான வேலை தரும்படி தோட்ட நிர்வாகத்துக்கு ஒரு கடிதமும் வாங்கிக்கொள்ள வேண்டும். கேட்டால்தான் எழுதிக் கொடுப்பார்கள்.

எடுத்த கணுக்களை ஆய்வுகூடத்தில் பார்த்தபின் ஒரு முடிவு வரும். பல கணுக்களில் நோய் இருந்தாலோ உறை கிழிந்திருந்தாலோ கதிர்ச் சிகிச்சையும் தேவை. அறுவை முடிந்து ஆறு வாரத்துக்குள் அதைத் தொடங்குவது நல்லது. "காயம் ஆறட்டும், தீபாவளி முடியட்டும்" என்று தள்ளுவதற்கு இங்கே இடமில்லை.

போகும் நாளில்

ஹட்டனிலிருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி வழியாக வந்தாலும், நுவரெலியாவிலிருந்து இறம்பொடை, புசல்லாவை வழியாக வந்தாலும் இரு பாதைகளும் கம்பளையில் சேர்ந்து பேராதனைக்குப் போகின்றன. காலை நேர ஸ்கேனுக்கு இருட்டோடு புறப்பட வேண்டியிருக்கும். மருந்து ஏற்றும் ஸ்கேனுக்குச் சில மணித்தியாலம் சாப்பிடாமல் இருக்கச் சொல்வார்கள். பயணத்தையும் சேர்த்துக் கணக்கிட்டு, துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுங்கள். சிறுநீரக நோய், ஆஸ்துமா, முன்னர் ஏதாவது மருந்துக்கு உடல் தடித்தது, சீனி வியாதிக்கு எடுக்கும் குளிசை, கர்ப்பம், இவற்றில் எதுவானாலும் கேட்பதற்கு முன்பே கூறிவிட வேண்டும். எம்.ஆர்.ஐ. என்றால் உடலில் பொருத்திய உலோகம் எதுவாயினும் சொல்ல வேண்டும்.

கழுத்துப் படம் என்பதால் சங்கிலி, தோடு, மூக்குத்தி, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றச் சொல்வார்கள். தாலியையும் சேர்த்துத்தான். இதற்காக மேசை வரை போய்த் திரும்பி வந்த பெண்கள் உண்டு. வீட்டிலிருந்து கிளம்பும் முன்பே உலோகம் கோக்காத மஞ்சள் கயிறு ஒன்றைக் கட்டிக்கொண்டு, தாலியை வீட்டுப் பெரியவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம். கயிற்றுக்கு ஸ்கேனில் எந்தத் தடையும் இல்லை.

அறிக்கை ஆங்கிலத்தில் இருக்கும். அதில் என் என்ற எழுத்துக்குப் பக்கத்தில் சைபர் இருந்தால் கழுத்தில் தெரியும் கணு இல்லை என்று பொருள். என் ஒன்று என்றால் அதே பக்கத்தில் 3 சென்ரிமீற்றருக்கு மேற்படாத ஒரே கணு. இரண்டு, மூன்று என்று எண் ஏறினால் கணுவின் அளவோ தொகையோ கூடியிருக்கிறது, அல்லது உறை கிழிந்திருக்கிறது. "சஸ்பிஷஸ்" என்பது சந்தேகம், முடிவு அன்று. லயத்தில் படித்த பிள்ளை ஒன்று அகராதி பார்த்து வாசித்துச் சொல்வதைக் கேட்டு அழுவதற்கு முன், அதை எழுதி அனுப்பிய வைத்தியரிடமே தமிழில் விளக்கம் கேளுங்கள். மொழி தெரிந்த தாதியோ ஊழியரோ ஒருவராவது அங்கே இருப்பார்.

படங்களையும் இறுவட்டையும் ஊசிப் பரிசோதனைத் துண்டையும் ஒன்றாகப் பொலித்தீன் உறையில் இட்டு, ஆனி ஆடி மழையில் ஈரம் ஏறாத இடத்தில் வைத்திருக்க வேண்டும். சுவரில் ஆணியடித்துத் தொங்கவிட்ட பை பூஞ்சணம் பிடித்துவிடும். அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது பழைய படத்தையும் கொண்டு செல்லுங்கள். போன முறை 7 மில்லிமீற்றராக இருந்த கணு இப்போது 9 ஆகியிருக்கிறதா, அப்படியே நிற்கிறதா என்பதை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் வைத்தியர் பார்ப்பார்.